வீட்டு ஹாலில் பிறந்த கம்ப்யூட்டர்
(கான்ராட் சூஸ் வாழ்க்கைக் கதை)

நண்பர்களே, நம்ம ஆளுங்க நாலு பேர் சேர்ந்தால் ஒரு மத்தியான வேளையில் ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணிவிடலாம். மதர்போர்டு, பிராசசர், ராம், எஸ்.எம்.பி.எஸ்., ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி., ஒரு கேபினட். எது எதில் பொருந்தும் என்று தெரிந்தால் போதும், மிச்சம் ஸ்குரூ டிரைவர் வேலைதான். தப்பாக மாட்டவே முடியாதபடி பள்ளமும் மேடும் வைத்துத்தான் செய்து அனுப்புகிறார்கள்.

சரி, கடையில் இந்தப் பொருள் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ராம் என்ற சொல் இல்லை. பிராசசர் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. பார்த்துச் செய்ய ஒரு மாடல்கூடக் கிடையாது. அப்போதும் ஒருத்தர் அசெம்பிள் பண்ணினார். அதுவும் அப்பா அம்மா குடியிருந்த வீட்டு ஹாலில்! அவர்தான் ஜெர்மனியைச் சேர்ந்த கான்ராட் சூஸ்.

1910 ஜூன் 22ஆம் தேதி பெர்லினில் பிறந்தார். அப்பா தபால் இலாகா உத்தியோகஸ்தர். அப்பாவுக்கு மாற்றல் வர, சூஸுக்கு இரண்டு வயசாகும்போதே குடும்பம் கிழக்குப் பிரஷ்யாவுக்குப் போனது. பிறகு ஹோயர்ஸ்வெர்டா என்ற ஊர். பையனுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று படம் வரைவது. இன்னொன்று, துளை போட்ட இரும்புப் பட்டைகளை போல்ட் நட்டு போட்டு மாட்டும் விளையாட்டுச் செட். அதில் கிரேன் எல்லாம் கட்டினார். பெர்லினில் தொழிற்கல்லூரியில் சேர்ந்த பிறகும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. முதலில் மெக்கானிக்கல், அப்புறம் ஆர்க்கிடெக்சர், கடைசியில் சிவில். நம்மில் சில பேர் பிரிவு மாறி வந்து முழிக்கிறோமே, அந்தக் கதைதான். 1935ல் சிவில் என்ஜினீயராகப் படிப்பை முடித்தார்.

எலெக்ட்ரிக்கலும் இல்லை, கணிதமும் இல்லை, சிவில்! இதை மறந்துவிடாதீர்கள். ஏனென்றால் கம்ப்யூட்டர் ஆசை பிறந்ததே சிவில் கணக்கிலிருந்துதான். ஒரு பாலமோ கூரையோ கட்டும்போது, எந்த உறுப்பில் எவ்வளவு விசை விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரே சமயத்தில் பல சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். தெரியாத எண்கள் இரண்டு, மூன்று என்றால் கையால் போடலாம். பத்து, பதினைந்து என்று ஏறினால் தலை சுற்றிவிடும். ஸ்ட்ரக்சர்ஸ் படிக்கும் நண்பர்களைக் கேட்டால் கண்ணீரோடு சொல்வார்கள். கணக்கில் புத்திக்கு வேலை கொஞ்சம்தான், மிச்சம் முழுக்கப் பெருக்கு, கூட்டு, எழுது, மறுபடி பெருக்கு.

இந்தச் சலிப்பிலிருந்து தப்பிக்க சூஸ் முதலில் செய்தது மெஷின் இல்லை, ஒரு ஃபாரம். கட்டம் கட்டமாகப் போட்ட தாள். இந்தக் கட்டத்து எண்ணையும் அந்தக் கட்டத்து எண்ணையும் பெருக்கி மூன்றாவது கட்டத்தில் எழுது என்கிற மாதிரி வரிசை போட்டுவிட்டார். கணக்குப் புரியாத ஆள்கூட ஃபாரத்தை நிரப்பினால் விடை வந்துவிடும். அப்படி யோசித்தவருக்கு அடுத்த கேள்வி தானாக வந்தது: புரியாத ஆள் போதும் என்றால், ஆளே எதற்கு? எண்ணை வைத்துக்கொள்ள ஒரு இடம், கணக்குப் போட ஒரு இடம், எதை எப்போது செய்வது என்று சொல்லும் துளைபோட்ட நாடா ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் மெஷினே செய்யுமே! மெமரி, பிராசசர், புரோகிராம் என்று நாம் புத்தகத்தில் படிக்கும் பிளாக் டயகிராமை அவர் ஃபாரத்திலிருந்து எடுத்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் பாபேஜ் இதே மாதிரி யோசித்தார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

படிப்பு முடிந்ததும் பெர்லின் பக்கத்தில் ஹென்ஷல் விமானத் தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்தது. அங்கேயும் அதே விசைக் கணக்குதான், இந்தத் தடவை விமான இறக்கைக்கு. 1936ல் வேலையை விட்டுவிட்டார். வயசு 26. வீட்டுக்கு வந்து, ஹாலைக் கொடுங்கள், கம்ப்யூட்டர் கட்டப்போகிறேன் என்று நின்றார்.

நம் வீட்டில் சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று! அவர் வீட்டிலும் சந்தோஷமாக ஒன்றும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் மகனை விடவில்லை. ரிட்டயர் ஆன அப்பா மறுபடி வேலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டுவந்தார். அக்கா தங்கை உறவு எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போல, சகோதரி லீசலோட்டும் தன் பணத்தைக் கொடுத்தார். கல்லூரி நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள், பணம் இல்லாதவர்கள் உழைப்பைப் போட்டார்கள். கணக்கு மெஷின் தயாரித்துவந்த குர்ட் பான்கே என்பவரிடம் உதவி கேட்டபோது, இந்தத் துறையில் கண்டுபிடிக்க இனி ஒன்றும் பாக்கி இல்லை என்பதுதான் அவர் அபிப்பிராயம். இருந்தாலும் நேரில் வந்து பார்த்தார், பார்த்தபிறகு பணம் கொடுத்தார்.

இப்போது டெக்னிக்கல் விஷயத்துக்கு வருவோம், இதுதான் ருசியான பகுதி. அன்றைக்கு இருந்த கணக்கு மெஷின் எல்லாம் பத்துப் பல் சக்கரம் வைத்து ஓடியவை. 0 முதல் 9 வரை பத்து நிலை. ஒவ்வொரு சக்கரமும் சரியான பல்லில் நிற்க வேண்டும் என்றால் நல்ல லேத், நல்ல கைத்திறன், நல்ல காசு மூன்றும் வேண்டும். சூஸிடம் மூன்றும் இல்லை. அதனால் பத்தை விட்டுவிட்டு இரண்டுக்கு வந்தார். ஒரு தகடு முன்னால் தள்ளியிருந்தால் 1, பின்னால் இருந்தால் 0. நடு நிலை கிடையாது. இப்படி வைத்தால் ரொம்பத் துல்லியமான பாகம் தேவைப்படாது, தகரம் வெட்டத் தெரிந்த எவனும் செய்யலாம்.

அந்தத் தகடு எப்படி யோசிக்கும்? ஒரு தகட்டை மோட்டார் தள்ளுகிறது. பக்கத்தில் இன்னொரு தகடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊசி. மூன்றாவதாக ஒரு தகடு, அது அந்த ஊசியை இந்த ஓட்டைக்கோ அந்த ஓட்டைக்கோ நகர்த்தும். ஊசி சரியான இடத்தில் இருந்தால் முதல் தகட்டின் அசைவு இரண்டாவதுக்குப் போகும், இல்லாவிட்டால் போகாது. அவ்வளவுதான்! கரண்டே இல்லாத ஒரு ரிலே. இதையே இரண்டு அடுக்கினால் ‘ஆண்ட்’ கேட், வேறு மாதிரி அடுக்கினால் ‘ஆர்’ கேட். இதற்கு ஒரு விதிமுறையை சூஸ் தானாகவே எழுதிவைத்திருந்தார். அதைப் பார்த்த அவருடைய பழைய கணக்கு வாத்தியார், தர்க்கவியலில் இது ஏற்கெனவே இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினாராம். வேறு யாராவது என்றால் மனசு உடைந்துபோயிருப்பார்கள். இவர் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்துத் தன் வேலையைச் சுலபமாக்கிக்கொண்டார்.

ரம்பத்தால் தகடு அறுக்க நண்பர்கள் வந்தார்கள். ஒரே மாதிரி தகடு பல ஆயிரம். ஹாலில் மேஜை போய், நாற்காலி போய், மெஷின் மட்டும் வளர்ந்தது. அதை ஓட்டியது ஒரு வாக்குவம் கிளீனர் மோட்டார். புரோகிராம் நாடாவுக்குப் புது யோசனை வேண்டியிருந்தது. பேப்பர் கிழிந்துபோகும். ஹெல்முட் ஷ்ரையர் என்ற நண்பருக்கு சினிமா புரொஜெக்டர் ஓட்டிய அனுபவம் உண்டு. பழைய 35 எம்.எம். சினிமா ஃபிலிமில் துளை போடு என்றார். ஜெர்மன் நடிகர்கள் ஓடிய ஃபிலிமில் பிற்பாடு கூட்டலும் பெருக்கலும் ஓடியது!

1938ல் வேலை முடிந்தது. பின்னாளில் அதற்கு இஸட்-1 என்று பெயர். 22 பிட் நீளமுள்ள 64 எண்களை ஞாபகம் வைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,408 பிட், அதாவது 176 பைட். இன்றைக்கு ஒரு குறுஞ்செய்திக்கே சரியாகப் போய்விடும். கிளாக் வேகம் ஒரு ஹெர்ட்ஸ், செகண்டுக்கு ஒரு துடிப்பு. ஆனால் சைஸைப் பார்க்காமல் அமைப்பைப் பாருங்கள். பைனரி, ஃபுளோட்டிங் பாயிண்ட், தனி மெமரி, தனி கணக்குப் பகுதி, வெளியிலிருந்து புரோகிராம். இன்றைக்கு நாம் மாட்டுகிற மெஷினில் இதில் எது இல்லை?

ஒரே ஒரு குறை. இஸட்-1 ஒழுங்காக ஓடவில்லை!

ஏன் என்பதில்தான் பாடம் இருக்கிறது. மெமரி நன்றாக வேலை செய்தது. அங்கே ஒவ்வொரு தகடும் கொஞ்சம் நகர்ந்தால் போதும். கணக்குப் பகுதியில் அப்படி இல்லை, ஒரு தகட்டின் அசைவு அடுத்தது, அதற்கடுத்தது என்று பல அடுக்கு தாண்டி, திசை திரும்பிப் போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் முடி அளவு தேய்மானம், முடி அளவு வளைவு. எல்லாம் சேர்ந்து நடுவில் எங்கேயோ சிக்கிக்கொள்ளும். ஷ்ரையர் எலெக்ட்ரிக்கல் படித்தவர், தகட்டை விட்டுவிட்டு ரேடியோ வால்வு போடு என்றார். சுமார் 2,000 வால்வு வேண்டும். அந்தக் காலத்து ரேடியோவில் விரல் விட்டு எண்ணும் அளவு வால்வுதான் இருக்கும், 2,000 என்றதும் மற்றவர்கள் சிரித்தார்கள். வாங்கக் காசும் இல்லை. ஆகவே சூஸ் நடுவழியைப் பிடித்தார். ஓடுகிற மெமரியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, ஓடாத கணக்குப் பகுதியை மட்டும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டெலிபோன் எக்சேஞ்சில் போடும் ரிலேக்களை, அதுவும் செகண்ட் ஹேண்டாக வாங்கி மாட்டினார். முழுசையும் தூக்கிப் போடாமல் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றுகிற வேலையை அன்றைக்கே செய்தார். அதுதான் இஸட்-2.

நடுவில் 1939ல் போர் வந்தது, சூஸைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். சில மாதம் கழித்து, விமானக் கணக்கு போட ஆள் தேவை என்று திரும்பவும் ஹென்ஷலுக்கே விட்டார்கள். 1940ல் விமான ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் இஸட்-2ஐப் பார்க்க வந்தார்கள். அடிக்கடி மக்கர் பண்ணுகிற மெஷின், நல்ல வேளை அன்றைக்கு ஓடியது! எக்ஸ்டர்னல் வரும் நாளில் மட்டும் ஓடுகிற புராஜெக்ட் நமக்குப் புதுசா என்ன? அதை நம்பி அடுத்த மெஷினுக்குப் பணம் கொஞ்சம் கிடைத்தது.

1941 மே 12ஆம் தேதி இஸட்-3 பார்வையாளர்கள் முன்னால் ஓடியது. முழுக்க ரிலே. கணக்குப் பகுதிக்கு சுமார் 600, மெமரிக்கு சுமார் 1,400. ஒரு பிட்டுக்கு ஒரு ரிலே என்று மேலே போட்ட கணக்கோடு சரியாக வருகிறது பாருங்கள். ஒரு கூட்டலுக்கு ஒரு செகண்டுக்குள், ஒரு பெருக்கலுக்கு சுமார் 3 செகண்ட். கீ போர்டில் நாம் சாதாரண தசம எண்ணை அடித்தால் அதுவே பைனரியாக மாற்றிக்கொண்டு, விடையைத் திரும்பவும் தசமமாக விளக்கு எரிந்து காட்டும்.

எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்காக ஒரு விஷயம். ரிலே காண்டாக்ட் பிரியும்போது தீப்பொறி பறக்கும், கொஞ்ச நாளில் முனை கருகிப்போகும். 2,000 ரிலேயில் தினம் ஒன்று கருகினாலே மெஷின் காலி. சூஸ் என்ன செய்தார் தெரியுமா? கார்பன் பிரஷ் வைத்த ஒரு சுழலும் உருளையைப் போட்டு, கரண்டைத் திறப்பதும் மூடுவதும் அந்த உருளையிலேயே நடக்கும்படி பண்ணினார். ரிலே காண்டாக்ட் சேரும்போதும் பிரியும்போதும் அதில் கரண்ட் இருக்காது. பொறி பறந்தால் பிரஷில் பறக்கட்டும், பிரஷை மாற்றுவது சுலபம். பழைய ரிலேயை வைத்துக்கொண்டு நம்பகமான மெஷின் கட்டிய ரகசியம் இதுதான்.

புரோகிராமால் தானாக இயங்கும், நிஜமாகவே ஓடிய முதல் கம்ப்யூட்டர் என்று இஸட்-3ஐச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க்-1 வேலைக்கு வந்தது 1944ல், எனியாக்கை உலகம் பார்த்தது 1946ல். முதல் யார் என்கிற சண்டை இன்னும் முடியவில்லை. இஸட்-3ல் நிபந்தனை பார்த்துத் தாவுகிற கட்டளை இல்லை என்று ஒரு கட்சி சொல்லும். இருக்கட்டும். வெளிநாட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாமல், தெரிந்தவர்களிடம் வாங்கிய பணத்தில் தொடங்கி இவ்வளவு தூரம் வந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பாதிக் கதைதான். ஹென்ஷலில் சூஸ் செய்தது போர் வேலை. விமானத்திலிருந்து விட்டு வழிநடத்துகிற குண்டுகளின் இறக்கை, செய்யும்போது கொஞ்சம் கோணலாக அமைந்துவிடும். அந்தக் கோணலுக்கு ஏற்ப எவ்வளவு திருத்த வேண்டும் என்று கணக்குப் போட எஸ்-1, எஸ்-2 என்று இரண்டு தனி மெஷின்கள் கட்டிக் கொடுத்தார். அதில் எஸ்-2 அளவுக் கருவியிலிருந்து தானே எண்ணை எடுத்துக்கொள்ளும். இன்றைக்கு இன்ஸ்ட்ருமென்டேஷன் வகுப்பில் சொல்லித் தருகிற விஷயம். அந்தக் குண்டுகள் கப்பல்களையும் மனிதர்களையும் அழித்தன. நாஜிக் கட்சியில் அவர் சேரவில்லை; ஆனாலும் நாஜி அரசின் போருக்கு அவர் மூளை பயன்பட்டது. மெஷின் கட்டவேண்டும் என்கிற வெறியில் யாருக்காகக் கட்டுகிறோம் என்ற கேள்வி எவ்வளவு சுலபமாகப் பின்னால் போய்விடுகிறது! அவர் திறமையை மெச்சுகிற அதே வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

போர் அவரையும் விடவில்லை. 1943 டிசம்பரில் பெர்லின் மீது விழுந்த குண்டில் இஸட்-3 அழிந்தது. ஹாலில் கட்டிய இஸட்-1ம் அதன் வரைபடங்களும் அதேபோல் குண்டுவீச்சில் போயின. மிச்சம் இருந்தது பாதி கட்டிய இஸட்-4 மட்டும். 1945ல் பெர்லின் விழப்போகிற நேரத்தில் அதை ரயிலேற்றி கோட்டிங்கன் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த மெஷினுக்கு அப்போது இருந்த பெயர் வி-4. வி-1, வி-2 என்பவை ஜெர்மனியின் ஏவுகணைகள். இதுவும் அந்த வரிசையில் ஏதோ ரகசிய ஆயுதம் என்று அதிகாரிகள் நினைத்ததால் வண்டி சீக்கிரம் கிடைத்ததாம்!

அடுத்து, நார்ட்ஹவுசன் பக்கம் மலைக்குள் தோண்டிய சுரங்கத் தொழிற்சாலைக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. சூஸ் போய்ப் பார்த்தார். முகாம் கைதிகளை அடிமைகளாக வைத்து வேலை வாங்கிய இடம் அது. அந்தக் கொடுமையைப் பார்த்தவர் மெஷினை அங்கே இறக்க மாட்டேன் என்று கிளம்பி, தெற்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஹின்டர்ஸ்டைன் என்ற கிராமத்துக்குப் போய்விட்டார். உலகத்திலேயே அபூர்வமான கம்ப்யூட்டர் ஒரு கொட்டகையில் ஒளிந்துகொண்டது. அந்த வருஷம் ஜனவரியில்தான் கிஸெலாவைக் கல்யாணம் பண்ணியிருந்தார், நவம்பரில் மகன் பிறந்தான். சாப்பாட்டுக்கு வழி? பழைய ஓவியக் கை கை கொடுத்தது. மரச்செதுக்குப் படங்கள் செய்து விற்றார். மெஷினை ஓட்ட வழியில்லாத அந்த நாட்களில் சும்மா இராமல், ‘பிளான்கால்குல்’ என்று புரோகிராம் எழுத ஒரு மொழியையே தாளில் உருவாக்கினார். ஃபோர்ட்ரான் வருவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முந்தியது. முழுதாக அச்சில் வந்தது 1972ல்!

1949ல் ஸ்விட்சர்லாந்திலிருந்து எட்வர்ட் ஸ்டீஃபல் என்ற கணிதப் பேராசிரியர் சூஸைப் பார்க்க வந்தார். கையோடு ஒரு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் கொடுத்தார். சூஸ் அங்கேயே ஃபிலிமில் துளைபோட்டு ஓட்டிக் காட்ட, விடை சரி. சூரிக் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 5 வருஷம், 30,000 ஃபிராங்க் வாடகைக்குப் பேச்சு முடிந்தது. நிபந்தனை பார்த்துத் தாவும் கட்டளையும் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தார். 1950ல் சூரிக்கில் ஓட ஆரம்பித்தது. மெமரி இன்னமும் அதே தகட்டு மெமரிதான், ஹாலில் ரம்பத்தால் அறுத்த அதே தத்துவம்! ராத்திரி ஆள் இல்லாமலேயே கடகடவென்று ஓடும். சூரிக் மாதிரி அமைதியான ஊருக்கு ராத்திரியில் கொஞ்சம் கலகலப்புக் கொடுத்ததே என் மெஷின்தான் என்று சூஸ் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வாராம். அது போட்ட கணக்குகளில் ஒரு பெரிய மலை அணையின் அழுத்தக் கணக்கும் உண்டு. சிவில் கணக்கில் ஆரம்பித்த மெஷின் சிவிலுக்கே வந்து சேர்ந்தது.

அதே 1949ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். நில அளவைக்கும் லென்ஸ் தயாரிப்புக்கும் ரிலே மெஷின்கள், பிறகு வால்வு வைத்த இஸட்-22, டிரான்சிஸ்டர் வைத்த இஸட்-23, படம் வரையும் பிளாட்டர் ஒன்று என்று வளர்ந்தது. மொத்தம் 251 கம்ப்யூட்டர்கள். ஆனால் ஒவ்வொரு தலைமுறை மாறும்போதும் பணம் தண்ணியாகச் செலவாகும், போட்டியோ பெரிய பெரிய ஆட்களோடு. 1964ல் கம்பெனி பிரவுன் போவேரி கைக்குப் போனது, 1967ல் சீமென்ஸ் கைக்கு. அதே 1967ல் இன்னொரு அடி. இஸட்-3க்காக 1941ல் போட்ட பேட்டன்ட் மனு, கால் நூற்றாண்டு இழுத்தடித்து, கண்டுபிடிப்பு என்று சொல்லும் உயரம் இதற்குப் போதாது என்று தள்ளுபடியானது. எந்தக் கம்ப்யூட்டர் உலகத்தையே மாற்றியதோ, அதற்கு!

சூஸ் கோர்ட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடவில்லை. நிறைய வரைந்தார். 1995ல் ஹனோவர் கண்காட்சியில் பில் கேட்ஸைத் தானே வரைந்த படத்தை அவருக்கே பரிசாகக் கொடுத்தார். அதற்கு முன்னால், 1986ல், 76 வயசில் இன்னொரு காரியத்தில் இறங்கியிருந்தார். குண்டில் போன இஸட்-1ஐத் திரும்பக் கட்டுவது! வரைபடம் எல்லாம் எரிந்துபோயிருந்ததால் புதிதாக வரைந்தார். அன்றைக்கு அப்பா சம்பளத்திலும் நண்பர்கள் கொடுத்த சில்லறையிலும் கட்டியதைத் திரும்பக் கட்ட இந்தத் தடவை 8 லட்சம் மார்க் செலவானது, சீமென்ஸ் முதலிய கம்பெனிகள் கொடுத்தன. 1989ல் முடித்து, பெர்லின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

1995 டிசம்பர் 18ஆம் தேதி, 85 வயசில், ஹூன்ஃபெல்ட் என்ற ஊரில் சூஸ் காலமானார். அருங்காட்சியகத்து இஸட்-1, 1938ல் கட்டிய அசலைப் போலவே, அடிக்கடி சிக்கிக்கொண்டது.